டோர்செட் கடற்கரைப் பயணம்: அம்மாவுக்கு ஏற்ற வழி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். வரும் செப்டம்பரில் ஐந்து நாள், முழங்கால் வலியுள்ள என் அம்மாவையும் ஒன்பது வயது மகனையும் அழைத்துக்கொண்டு, இங்கிலாந்தின் தென்கரையில் எக்ஸ்மத் முதல் ஸ்டட்லண்ட் வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளும் ஜுராசிக் கடற்கரைக்குச் செல்ல இருக்கிறேன். எங்களிடம் கார் இல்லை. லண்டன் வாட்டர்லூவிலிருந்து நேரடி ரயில் இருப்பதால் வேமத்தில் தங்குவதா, புதைபடிவங்களைத் தேடிக் கண்டெடுத்துப் புகழ்பெற்ற மேரி ஆனிங் பிறந்த லைம் ரீஜிஸில் தங்குவதா என்பதே முதல் குழப்பம்.

மகனுக்குச் சார்மத் கரையில் புதைபடிவம் தேட வேண்டும். சென்ற ஆண்டு அங்கே கிடைத்த, கட்டைவிரல் நகமளவே உள்ள அம்மோனைட்டை (சுருள் ஓடுடைய, அழிந்துபோன கடலுயிரியின் புதைபடிவம்) இன்னும் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறான். மழைக்குப் பின் பாறைச் சரிவு நேரும் இடம் அது என்பதால், கடல் வற்றும் நேரம் பார்த்து, பாறையடியை விட்டு விலகியே நடப்போம்.

அம்மாவின் ஆசையோ டர்டில் டோர் பாறை வளைவு. லல்வர்த் குடாவிலிருந்து செல்லும் ஏற்றமான பாதை அவருக்கு ஆகாது. கடற்கரைக்குப் படியிறங்காமல், மேலே உட்கார்ந்தபடியே வளைவை முழுமையாகப் பார்க்கும் இடம் உண்டா? செப்டம்பரில் அங்கே பேருந்து எவ்வளவு நேரத்துக்கு ஒன்று வருகிறது? பெரியவர்களுடன் அண்மையில் சென்று வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். இந்த வாரமே அறை பதிவு செய்ய வேண்டும்.