ஒன்பதாவது மாடி பால்கனியில் தொட்டிக் காய்கறி: எங்கே தவறினேன்?

லயத்துப்பெண் (செந்தூல், கோலாலம்பூர்) – பிப்ரவரி 26

வணக்கம். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் தோட்டம் போடத் தெரியாது. சிரிக்காதீர்கள். கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லயம்தான், அதாவது தொழிலாளர் வரிசை வீடுதான், எங்கள் வீடு. பின்கட்டில் அம்மா வெண்டை, கத்தரி, அவரை என்று என்னென்னவோ வைத்திருந்தார். பறித்து வா என்றால் பறித்து வருவேன். எப்படி வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்பதற்கு அவர் இல்லை.

எனக்கு இருப்பது ஒரு பால்கனி. பன்னிரண்டு அடி நீளம், நாலடி அகலம், வடக்குப் பார்த்தது. தீபாவளி முடிந்த கையோடு ஆறு தொட்டிகளும் நான்கு பை கறுப்பு மண்ணும் வாங்கினேன். மூன்றில் தக்காளி, இரண்டில் கொத்தமல்லி, ஒன்றில் மிளகாய். விதைக்குத் தனியாகச் செலவு செய்யவில்லை. எல்லாம் அடுப்படியில் இருந்தவைதான்.

கொத்தமல்லி நூல் நூலாக எழுந்தது. விரல் நீளம் வந்ததும் அப்படியே படுத்துவிட்டது. மிளகாய் நான்கு இலையோடு நிற்கிறது. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. தக்காளிதான் மனதை உடைத்தது. மூன்றும் இரண்டடி வளர்ந்திருந்தன. போன செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும்போது ஓரத்துச் செடி நன்றாகத்தான் நின்றது. மாலையில் வந்து பார்த்தால் தலை தொங்கிக் கிடக்கிறது. இலை மஞ்சளாகவில்லை, புள்ளி இல்லை, பூச்சி இல்லை. பச்சையாகவே தொங்குகிறது. தாகமாக இருக்கும் என்று ஒரு வாளி தண்ணீரைச் சாய்த்தேன். மறுநாள் இன்னும் மோசம்.

அந்த ஒரு வாளித் தண்ணீரால் வேறொரு வம்பும் வந்தது. இரவு எட்டு மணிக்குக் கீழ் வீட்டுச் சீன அம்மா கதவைத் தட்டினார். கையில் ஒரு வெள்ளைப் பள்ளிச் சட்டை. தோள்பட்டையிலிருந்து பை வரை, கோப்பி சிந்தியதுபோல் ஒரு மண்கோடு. அவர் திட்டவில்லை. சட்டையை என்னிடம் கொடுத்து, "செடி வைத்துக்கொள், தண்ணீரை மட்டும் உன் வீட்டிலேயே வைத்துக்கொள்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு நான் அந்தச் சட்டையை மூன்று முறை துவைத்தேன்.

வெயில் போதவில்லையா, மண் சரியில்லையா, இல்லை எனக்குத்தான் கை ராசி இல்லையா? முதல் தடவை வைப்பவர்கள் எதில் தொடங்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


தண்ணீர்மலையடி (பினாங்கு) – பிப்ரவரி 26

தங்கச்சி, கை ராசி என்று ஒன்று கிடையாது. பள்ளிக்கூடத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் சொல்கிறேன். நீங்கள் தொடங்கிய மாதம்தான் தப்பு.

கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியில் நடுப்பகல் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே வரும். அதன் பிறகு செப்டம்பர் நடுப்பகுதி வரை வடக்குப் பக்கமாக நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே போய்விடும். உங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது. நீங்கள் விதைத்தது நவம்பரில். சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும்போது முன்வாசலில் கோலம் போட்டுக் காத்திருந்தீர்கள். கொத்தமல்லி நூலாக நீண்டது வெளிச்சத்தைத் தேடித்தான். பசியில் எட்டி எட்டிப் பார்த்துக் களைத்து விழுந்துவிட்டது.

ஆகவே மார்ச் முடியும் வரை ஒன்றும் விதைக்காதீர்கள். ஏப்ரலில் வெயில் கம்பியோரம் எட்டிப் பார்க்கும். ஜூனில் இன்னும் உள்ளே வரும். தொட்டிகளைச் சுவரோரம் தள்ளாமல் கம்பியோரமாக, ஒரு முக்காலி மேல் வையுங்கள். விடுமுறை நாள் ஒன்றில் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை மணிக்கொரு தடவை தரையில் வெயில் விழும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துப் பாருங்கள். நாலைந்து மணி நேரம் வெயில் கிடைத்தால் கீரைக்குப் போதும். காய்க்கிற செடிக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும்.

தக்காளி விஷயம் வேறு. நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் பாக்டீரியா வாடல் நோய் என்று சந்தேகப்படுகிறேன். சோதிப்பது எளிது. வாடிய செடியின் தண்டை மண்ணுக்குச் சற்று மேலே வெட்டி, இரண்டு அங்குலத் துண்டாக எடுத்து, ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் விட்டு, வெட்டுவாய் தண்ணீரில் முழுகும்படி பிடியுங்கள். ஆட்டக் கூடாது. ஐந்து நிமிடத்துக்குள் வெட்டுவாயிலிருந்து பால் போல வெள்ளை இழை கீழே இறங்கினால் அதுதான். மருந்து கிடையாது. செடியையும் மண்ணையும் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, தொட்டியையும் கத்தியையும் குளோராக்ஸ் வெளுப்புநீர் விட்டுக் கழுவுங்கள். அந்த மண்ணில் மிளகாயோ கத்தரியோ வைக்க வேண்டாம். தக்காளிக்கு அவை பங்காளிகள், நோயும் பொதுச்சொத்து.

நோய் இல்லாவிட்டாலும் தக்காளியில் தொடங்கச் சொல்லமாட்டேன். சந்தைக்கு வரும் தக்காளியில் பெரும்பங்கு கேமரன் மலையில் விளைவது ஏன்? இரவில் அங்கே குளிர்கிறது. நம் ஊர் இரவில் அந்தக் குளிர் கிடையாது. அந்தப் புழுக்கத்தில் பூ பிடிக்காமல் உதிரும்.

முதல் பயிர் கங்கோங். நம் பழைய பெயர் வள்ளைக்கீரை. விதையை ஒரு இரவு ஊறவைத்து, விரல் கணு ஆழத்தில் ஊன்றினால் மூன்று நாளில் முளை, நான்கு வாரத்தில் வெட்டு. வேரோடு பிடுங்காமல் இரண்டு கணு விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும். அடுத்தது தண்டுக்கீரை, அதற்கடுத்து வெண்டை. வெண்டைக்குத் தொட்டி 15 லிட்டருக்குக் குறையக் கூடாது. சாயம் வந்த வாளி போதும், அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். விதைத்து ஐம்பது நாளையொட்டி முதல் காய் வரும்.

மண்ணைப் பையில் வந்தபடியே கொட்டியிருப்பீர்கள். அது நாலு மழையில் களிமண் அடை மாதிரி இறுகிவிடும். கறுப்பு மண் ஒரு பங்கு, தென்னைநார்த் தூள் ஒரு பங்கு, மக்கிய ஆட்டுப் புழுக்கை ஒரு பங்கு. கோழி எரு வேண்டாம். அடுக்குமாடியில் அந்த நாற்றத்துக்குக் கீழ் வீட்டு அம்மா மறுபடி கதவைத் தட்டுவார். அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கல்லுக்கு மேலேதான் ஈரம் தேங்கி நிற்கும்.

அந்த மிளகாயைத் தூக்கிப் போட வேண்டாம். வெயில் வரட்டும், பார்க்கலாம்.


கொசுவுக்கு எதிரி (வங்சா மாஜு) – பிப்ரவரி 27

தண்ணீர் ஒழுகுகிறது என்று அக்கா இப்போது ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் தட்டு வைக்கப் போகிறார். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை.

டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டுத் தண்ணீரே போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள். எங்கள் கட்டடத்தில் டெங்கி வந்தபோது அதிகாரிகள் வீடு வீடாக ஏறினார்கள். என் வீட்டில் துளசித் தொட்டித் தட்டில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. 500 வெள்ளி (ரிங்கிட்) அபராதம். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டம் அது, துளசி என்பதற்காகச் சலுகை இல்லை. தப்பு என்னுடையதுதான், கட்டினேன்.

இப்போது தட்டு நிறைய மணல் போட்டு வைக்கிறேன். வடியும் நீரை மணல் இழுத்துக்கொள்ளும், மேலே தேங்காது. வாரம் ஒரு முறை தட்டைத் தேய்த்துக் கழுவுகிறேன். முட்டை சுவரில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. வாளியால் ஊற்றுவதை விட்டுவிட்டு, காலையில் ஒரு தம்ளர் ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தம்ளர் ஊற்றுங்கள். காய்ந்த மண் முதல் தண்ணீரைக் குடிக்காது, ஓரமாக வழியவிடும். உங்கள் வாளித் தண்ணீர் சட்டையில் இறங்கியது அப்படித்தான்.

இன்னொன்று. முக்காலியைக் கம்பியோரம் வையுங்கள், கம்பிக்கு மேலோ வெளியிலோ எதையும் தொங்கவிட வேண்டாம். ஈர மண்ணோடு 15 லிட்டர் வாளியின் கனம் ஒரு பத்துக் கிலோ அரிசி மூட்டைக்குக் குறையாது. ஒன்பதாவது மாடி.


சுண்டைக்காய்க்காரி (பட்டர்வொர்த்) – பிப்ரவரி 28

பெரியவர் தக்காளியை ஒரேயடியாக மலைக்கு அனுப்பிவிட்டார். நான் சமவெளியில் சின்னத் தக்காளி பறிக்கிறேன். ரகசியம் சுண்டைச் செடி. வாடல் நோய் சுண்டையின் வேரை எளிதில் அண்டாது. சுண்டை நாற்று பென்சில் பருமன் வந்ததும் தலையை வெட்டி, அதில் கத்தரியையோ தக்காளியையோ ஒட்டுப்போட்டு, நாலைந்து நாள் பிளாஸ்டிக் பை மூடி நிழலில் வைப்பேன். பத்துக்கு ஐந்து பிடிக்கும். கத்தரி என்றால் ஏழு பிடிக்கும்.

குண்டுத் தக்காளி எனக்கும் வந்ததில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.


தண்ணீர்மலையடி – பிப்ரவரி 28

ஒட்டுக்கட்டுவது சரி அம்மா, நானும் ரப்பர்க் கன்றில் கற்றதுதான். ஆனால் கொத்தமல்லி படுத்துவிட்டது என்று அழுகிற பிள்ளையிடம் கத்தியைக் கொடுக்காதீர்கள். அடுத்த வருடம் கொடுக்கலாம்.


லயத்துப்பெண் – மார்ச் 1

தம்ளரில் வைத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. நோய் இல்லை போலிருக்கிறது என்று எடுக்கப் போனேன். அப்போதுதான் ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பார்ப்பதுபோல், வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக ஒரு இழை இறங்கியது. பிறகு இன்னொன்று. மகள் அறிவியல் பாடத்துக்குப் படம் எடுத்துக்கொண்டாள். நான் அந்தத் தொட்டி மண்ணைக் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். மற்ற இரண்டு தக்காளியையும் எடுத்துவிட்டேன். கழுவிய தொட்டிகள் இப்போது கவிழ்ந்து கிடக்கின்றன. ஒரு மாதம் காத்திருக்கிறேன்.


லயத்துப்பெண் – ஜூன் 7

மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். மறக்கவில்லை, நீங்கள் சொன்னபடி செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வெயில் ஏப்ரல் இரண்டாம் வாரம்தான் கம்பியைத் தாண்டியது. சுண்ணக்கட்டிக் கோடு போட்டேன். அன்று மூன்று மணி நேரம்கூட இல்லை, இப்போது ஐந்து வருகிறது. ஆட்டுப் புழுக்கை வாங்க சுங்கை பூலோ நர்சரிகளுக்குப் போனேன். பக்கத்தில்தான் 1930இல் திறந்த பழைய தொழுநோயாளர் குடியிருப்பு. குணமான பின்னும் ஊர் சேர்த்துக்கொள்ளாமல் அங்கேயே தங்கிச் செடி வளர்த்து விற்றுப் பிழைத்தவர்களால் வளர்ந்த இடம் என்று விற்பனைக்காரர் சொன்னார். எத்தனையோ தடவை அந்தச் சாலையில் பஸ்ஸில் போயிருக்கிறேன், தெரியாது. பேசிக்கொண்டிருந்ததில் புழுக்கையை மறந்து பாதி வழி வந்து திரும்பிப் போனேன்.

பாசாரில் மீன்காரர் தூக்கிப்போடும் வெள்ளை நுரைப்பெட்டி இரண்டில் கங்கோங் போட்டேன். மூன்றாம் நாள் முளைத்தது. நீங்கள் சொன்னபடியே வந்ததில் எனக்கு ஏனோ கோபம்கூட வந்தது, இவ்வளவு எளிதா என்று. முதல் வெட்டில் ஒரு கட்டு கீழ் வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். வாங்கி, தண்டை நகத்தால் கிள்ளிப் பார்த்து, "ஒரு வாரம் முன்பே வெட்டியிருக்க வேண்டும், முற்றிவிட்டது" என்றார். மீதியை பெலாச்சான் (இறால் விழுது) போட்டுப் பிரட்டினேன். அவர் சொன்னது சரிதான், நார் இருந்தது.

தண்டுக்கீரை சுமார். இலை முழுவதும் நத்தை தின்ற ஓட்டை. ஒன்பதாவது மாடிக்கு நத்தை எப்படி ஏறியது? எருவோடு வந்திருக்குமா? இரவில் டார்ச் அடித்து நான்கு பிடித்தேன். வெண்டையில் இன்று காலை முதல் பூ விரிந்தது. அம்மாவின் வெண்டைப் பூவில் நடுவே அரக்குநிறம் உண்டு என்பது அதைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மிளகாய் பிழைத்துக்கொண்டது, காய் இல்லை.

பெரியவருக்கு ஒரு கேள்வி. செப்டம்பரில் சூரியன் மறுபடி தெற்கே போய்விடுமே, அப்போது பால்கனியில் என்ன வைப்பது?


தண்ணீர்மலையடி – ஜூன் 7

நத்தை எருவோடுதான் வந்திருக்கும். அடுத்த தடவை எருவைத் தரையில் பரப்பி இரண்டு நாள் காயவைத்துவிட்டுக் கலக்குங்கள்.

செப்டம்பருக்கு வெற்றிலை. அதற்கு நேர் வெயில் ஆகாது, நிழலில்தான் இலை அகலமாக வரும். பக்கத்தில் ஒரு தொட்டியில் பாண்டான், சமையலுக்கு மணம் தரும் இலை. வெற்றிலைக்கு மூன்று கணு உள்ள கொடித்துண்டு போதும், இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், என் வேலியில் ஏறிக் கிடக்கிறது, ஈரத்துணியில் சுற்றி அனுப்புகிறேன்.