ஹிட் பூஜ்யம், எம்விபி ஷ்வார்பருக்கா?

கணக்குப்புலி:
பேஸ்பால் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஷ்வார்பருக்குக் கிடைத்த எம்விபி (ஆட்ட நாயகன்) விருதைப் பற்றிப் பக்கத்துத் திரியில் ஒருவர் "ஆல்-ஸ்டார் வரலாற்றிலேயே இவ்வளவு தகுதியான எம்விபி கிடையாது" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து காபி இறங்கவில்லை. 2025 ஜூலை 15, அட்லாண்டா. இரண்டு லீக்கின் நட்சத்திரங்கள் மோதும் ஆட்டம். நேஷனல் லீக்கும் அமெரிக்கன் லீக்கும் ஒன்பது இன்னிங்ஸ் ஆடி 6-6. அந்த ஒன்பது இன்னிங்ஸில் நேஷனல் லீக்கின் கைல் ஷ்வார்பர் (பிலடெல்பியா பிலீஸ் ஆள்) அடித்த ஹிட், அதாவது அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை எட்டியது, எத்தனை? பூஜ்யம். இரண்டு அவுட், ஒரு வாக். வாக் என்றால் எதிராளி நான்கு பந்தைத் தப்பாகப் போட்டதற்கு நடந்து போவது. நடந்து போனதற்கு விருதாம்.

பிலிகாரன்:
அதற்கப்புறம் ஸ்விங்-ஆஃப் என்று ஒன்று நடந்ததே புலி, டிவியை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டீர்களா? லீக்குக்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று வீச்சு, யார் அதிக ஹோம் ரன் அடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. நம் ஆள் உள்ளே வரும்போது 3-1 என்று கீழே கிடந்தோம். மூன்று வீச்சு, மூன்றும் வெளியே. மூன்றாவதை முழங்காலை மண்ணில் ஊன்றி அடித்தார். 4-3. எதிர்த்தரப்பில் கடைசியாக வந்த அராண்டா ஒன்றும் அடிக்கவில்லை, எங்கள் மூன்றாவது ஆள் பீட் அலோன்சோவுக்கு வேலையே வரவில்லை. ஜெயித்துக் கொடுத்தவருக்கு இல்லாமல் மட்டை பொறுக்கும் பையனுக்கா விருது தருவார்கள்?

கணக்குப்புலி:
பந்து போட்டது யார் என்பதையும் சொல்லுங்களேன். டினோ ஈபல். நேஷனல் லீக் தரப்புப் பயிற்சியாளர். சொந்த ஆளே "இந்தாப்பா, அடி" என்று வாகாகப் போட்டுக் கொடுத்த பந்து. புது மாப்பிள்ளைக்கு மாமியார் பரிமாறுகிற மாதிரி. அந்த மூன்று ஹோம் ரன்னும் அவர் கணக்கில் ஏறாது. கணக்கில் இருப்பது எத்தனை ஹிட்? பூஜ்யம்.

பிராங்க்ஸ் பாலா:
இரண்டு பேரும் முக்கியமான ஆளை விட்டுவிட்டீர்கள். அமெரிக்கன் லீக்காரர்கள் நாங்கள் 6-0 என்று பின்தங்கிக் கிடந்தோம். ஏழாவது இன்னிங்ஸில் பிரெண்ட் ரூக்கர் மூன்று ரன் ஹோமர் (ஹோம் ரன்). ஒன்பதாவதில் பாபி விட் டபுள் (இரண்டு பேஸ் ஹிட்), ஸ்டீவன் க்வான் இன்ஃபீல்டுக்குள்ளேயே உருட்டி ஒரு சிங்கிள் (ஒரு பேஸ் ஹிட்), 6-6. பந்து போட்ட எட்வின் டியாஸ் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்புறம் ஸ்விங்-ஆஃபிலும் ரூக்கர் இரண்டு அடித்தார். நிஜ ஆட்டத்திலும் அடித்தவர், பொய் ஆட்டத்திலும் அடித்தவர். கொடுத்திருந்தால் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

பிலிகாரன்:
தோற்ற அணிக்காரருக்கு எம்விபியா பாலா? உங்களைப் போன்ற நியூயார்க் யாங்கீஸ் ரசிகர்களுக்கு மட்டும் தோன்றும் யோசனை.

கணக்குப்புலி:
1966 புரூக்ஸ் ராபின்சன், தோற்ற அணி. 1970 கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி, தோற்ற அணி, நான்கு ஹிட். பிலிகாரருக்கு நான்கு என்றால் எவ்வளவு என்று தெரியும்தானே? பூஜ்யத்தைவிட நான்கு அதிகம்.

சூப்பர்ஓவர் சுமதி:
எனக்கு ஒன்று புரியவில்லை. 2019 உலகக் கோப்பை இறுதியும் சூப்பர் ஓவருக்குப் போனதுதானே? சூப்பர் ஓவர் ரன்னும் யார் கணக்கிலும் ஏறாது. பென் ஸ்டோக்ஸுக்கு ஆட்ட நாயகன் விருது கொடுக்கவில்லையா?

கணக்குப்புலி:
சுமதி அக்கா, ஸ்டோக்ஸ் ஐம்பது ஓவரில் 84 நாட் அவுட். ஷ்வார்பர் எத்தனை? நான் சொல்ல மாட்டேன், நீங்களே எண்ணுங்கள். விரல் தேவைப்படாது.

மூணாம் பேஸ்:
முதலில் எம்விபி என்றால் என்ன என்று பேசி முடித்தால் தேவலை. அதிகம் அடித்தவரா, வெற்றிக்கு அதிகம் உதவியவரா? ஸ்விங்-ஆஃப் ஆட்டத்தின் பகுதியா, இல்லையா?

கணக்குப்புலி:
அதைத் தனித் திரியில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான்: ஹிட் எத்தனை?

பிலிகாரன்:
புலிக்கு ஏன் இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று எனக்குத் தெரியும். போன வருடம் நம் ஃபேண்டஸி லீக்கில் (நிஜ வீரர்களை வைத்து நாம் ஆடும் கற்பனை அணிப் போட்டி) ஷ்வார்பரை என்னிடம் தள்ளிவிட்டு, "ஸ்ட்ரைக்-அவுட் ஆவதற்கென்றே பிறந்தவர்" என்று எழுதினார். அன்றிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகாது.

கணக்குப்புலி:
நான் தள்ளிவிட்டதை எழுதும் நீங்கள், அதற்கு முன்னால் என் டிரேடை (வீரர் பரிமாற்றத்தை) வீட்டோ செய்ததையும் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

பிராங்க்ஸ் பாலா:
பழைய ஆட்டமெல்லாம் ஆட்டம். 2003 முதல் 2016 வரை இதில் ஜெயித்த லீக்குக்குத்தான் சீசனின் இறுதித் தொடரான உலகத் தொடரில் சொந்த மைதான அனுகூலம். அப்போது உயிரைக் கொடுத்து ஆடினார்கள். 2008இல் பழைய யாங்கி ஸ்டேடியத்தில் 15 இன்னிங்ஸ், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். நான் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை ஒன்றரை தாண்டி முடிந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒரு கையில் ஸ்கோர் கார்டு, வாயில் பென்சில் என்று தூங்கிக்கொண்டிருந்தார்.

பிலிகாரன்:
அந்த வருடம் நீங்கள் ஃபீனிக்ஸில் இருந்ததாக நீங்களே இன்னொரு திரியில் எழுதியிருக்கிறீர்கள்.

பிராங்க்ஸ் பாலா:
வேலை ஃபீனிக்ஸில். ஆட்டத்துக்கு விமானத்தில் வந்தேன். டிக்கெட்டை அனுப்பவா?

பிலிகாரன்:
அனுப்புங்கள். அந்த ஆட்டத்தின் எம்விபி ஜே.டி. ட்ரூ, உங்கள் யாங்கீஸின் பரம எதிரியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஆள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் மைதானத்திலேயே பாஸ்டன்காரர் வாங்கிப் போனார்!

பிராங்க்ஸ் பாலா:
அதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசுவதில்லை.

செந்தமிழன்:
எல்லாரும் "ஷ்வார்பர்" என்று எழுதுகிறீர்கள். "சுவார்பர்" என்று எழுதினால் என்ன கெட்டுவிடும்? பேஸ்பாலுக்கே அடிபந்தாட்டம் என்று அழகான பெயர் இருக்கிறது.

பிலிகாரன்:
சுவார்பர் என்றால் ஏதோ சுவரைச் சொல்கிற மாதிரி இருக்கிறது ஐயா. அவர் அடித்த பந்து சுவரைத் தாண்டித்தான் போனது, ஒப்புக்கொள்கிறேன்.

கணக்குப்புலி:
ஒன்பது இன்னிங்ஸில் எதுவும் தாண்டவில்லை. இன்னொன்று. 2002 மில்வாக்கியில் பதினோரு இன்னிங்ஸ் ஆடி, இரண்டு பக்கமும் பிட்சர் (பந்து வீசுபவர்) தீர்ந்துபோய் 7-7 என்று நிறுத்தினார்கள். அரங்கமே கத்தியது. விருதுக்குப் பழைய பேஸ்பால் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸ் பெயரை வைத்ததும் அதே வருடம்தான், அவர் இறந்த சில நாட்களில். அன்று எம்விபி யாருக்கு? யாருக்கும் இல்லை. அதுதான் நேர்மை. இந்த ஆட்டமும் 6-6தான். விருதைப் பெட்டியிலேயே வைத்திருக்கலாம். தந்தே ஆக வேண்டும் என்றால் ஆறாவதில் மூன்று ரன் ஹோமர் அடித்த அலோன்சோ இல்லையா?

பிலிகாரன்:
ஆக, 2002 மாதிரி அசிங்கப்படுவது நேர்மை, மூன்றுக்கு மூன்று அடித்து ஜெயிப்பது பித்தலாட்டம். நன்றாக இருக்கிறது உங்கள் கணக்கு.

சூப்பர்ஓவர் சுமதி:
அலோன்சோ உங்கள் ஃபேண்டஸி அணியில் இருக்கிறாரா புலி?

கணக்குப்புலி:
அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பிலிகாரன்:
இருக்கிறார்! நான்தான் கமிஷனர், பட்டியல் என் கையில்.

கணக்குப்புலி:
வீட்டோ போட்ட கமிஷனர்தானே? சரி, கமிஷனரே பதில் சொல்லட்டும். ஹிட் எத்தனை?

பிலிகாரன்:
கோப்பை யார் கையில்?

கணக்குப்புலி:
ஹிட் எத்தனை?

செந்தமிழன்:
"கமிஷனர்" என்பதற்கு "ஆணையர்" என்று எழுதலாம்.