பழைய வீட்டின் ஃபால்ஸ் சீலிங்கில் ஹாலஜன் விளக்குகள்: சூடேறாமல் பொருத்துவது எப்படி?

கேள்வி (ராயபுரம் வாசி):

அனைவருக்கும் வணக்கம். ராயபுரத்திலுள்ள எங்கள் பூர்வீக வீட்டின் கூரை மெட்ராஸ் டெரஸ் வகையைச் சேர்ந்தது. தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டிருக்கிறார்கள். கூடத்தில் அதற்குக் கீழே ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் அமைத்து, 12 வோல்ட், 50 வாட் ஹாலஜன் விளக்குகள் எட்டினைப் பதிக்க விரும்புகிறோம். சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே 6 அங்குலம்தான் இருக்கும். மொட்டைமாடியின் வெயில் கீழே இறங்காதிருக்கப் பலகையின் மேல் தெர்மாகோல் பரப்பிவிடலாம் என்று சீலிங் வேலைக்காரர் சொல்கிறார். இது பாதுகாப்பானதா?

பதில் 1 (மின்பணியாளர், தண்டையார்பேட்டை):

ஐயா, முதலில் அந்தத் தெர்மாகோலை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் வாங்கப்போகும் எம்ஆர்16 பல்பின் (சிறு கிண்ண வடிவ ஹாலஜன் பல்பு) பின்புறம் பளபளக்கும் வண்ணக் கண்ணாடியாக இருந்தால், அது ஒளியை மட்டும் கீழே அனுப்பிவிட்டு, வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தன் முதுகு வழியாக மேலே விட்டுவிடும். கீழே நிற்பவருக்கு இதமாகத் தெரியும் விளக்குதான் கண்ணுக்குத் தெரியாத அந்த இடுக்கைச் சூடாக்குகிறது. பின்புறம் அலுமினியம் பூசிய பல்பு வெப்பத்தைப் பெரும்பாலும் முன்பக்கமாக வீசும். இடுக்கு குறுகலான உங்கள் கூடத்துக்கு அதுவே மேல்; ஆனால் அந்த ஃபிட்டிங்குக்கு அவ்வகைப் பல்பு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

தெர்மாகோல் 100 டிகிரிக்குள்ளாகவே இளகிச் சுருங்கும், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். ஜிப்சம் பலகையும்கூடத் தொடர்ந்து 50 டிகிரிக்கு மேல் இருந்தால் தன்னுள் இருக்கும் நீரை இழந்து மெல்ல வலுவிழக்கும். ஆகவே துளைகளைத் தேக்குச் சட்டத்துக்கு நேர் கீழே போடாமல், இரண்டு சட்டங்களுக்கு நடுவே வருமாறு குறித்துக்கொள்ளுங்கள். ஃபிட்டிங்கின் பெட்டியிலுள்ள தாளில் மேலேயும் பக்கவாட்டிலும் விடவேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கும். அதற்குக் குறைவாக இடமிருந்தால் அந்த ஃபிட்டிங் உங்கள் வீட்டுக்கு ஆகாது.

வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படும் சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரி வரைதான் தாங்கும் என்பதால், அதை விளக்கின் முதுகுவரை கொண்டுவரக் கூடாது. பீங்கான் ஹோல்டரும் அதிலிருந்து வரும் சிலிக்கான் ஒயரும், அவற்றை வீட்டு ஒயருடன் சேர்க்க விளக்கிலிருந்து தள்ளி ஒரு பீங்கான் கனெக்டரும் அவசியம்.

பதில் 2 (திருவொற்றியூர்):

மேலே அண்ணன் சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். 12 வோல்ட்டில் 50 வாட் என்றால் ஒவ்வொரு விளக்குக்கும் 4 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓடும். நம் பக்கத்துக் கடற்காற்றில் கனெக்டர் திருகுகள் பச்சைப் பூத்துப் பிடிப்பு தளர்ந்துவிடுகின்றன. தளர்ந்த இணைப்பில் இவ்வளவு மின்சாரம் ஓடினால் விளக்கை விட அந்த இணைப்பே முதலில் கருகும். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரையும் விளக்கின் தலைமேல் வைக்காமல் ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. தெர்மாகோலைக் கைவிட்டுவிட்டோம். எல்இடிக்கு மாறினால் இந்தக் கவலையே இருக்காது என்று என் மைத்துனர் சொல்கிறார். அது சரிதானா?

பதில் 1 (மின்பணியாளர், தண்டையார்பேட்டை):

பெரும்பாலும் சரிதான் ஐயா. 50 வாட் ஹாலஜனின் வெளிச்சத்தை 7 வாட் எல்இடியே ஏறக்குறையத் தந்துவிடும். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவை 2700 கெல்வின் என்று கேட்டு வாங்கினால் ஏறக்குறைய அதே மஞ்சள் ஒளி கிடைக்கும். ஆனால் எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் என்ற கருவியும் சூட்டில் ஆயுள் குறையக்கூடியது. சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்கு அடியிலிருக்கும் இடுக்கு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் என்பதால், காற்றோட்ட இடைவெளியை எல்இடிக்கும் விட்டுத்தான் ஆகவேண்டும். ஹாலஜனுக்கான டிரான்ஸ்ஃபார்மரில் எல்இடியைப் போட்டால், சுமை போதாமல் விளக்கு சிமிட்டலாம். எனவே எல்இடிக்கென உள்ள டிரைவரையே வாங்குங்கள். நாளை யாராவது அதே துளையில் ஹாலஜன் பல்பை மாட்டிவிடாதபடி, ஃபிட்டிங்கின் உள்பக்கத்தில் அதிகபட்ச வாட் அளவை எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.