பதில்: குறிப்புரைக்குள் குறிப்புரை – 'உள்ளடுக்கு' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிரலில் கணினி பொருட்படுத்தாமல் விடும் விளக்கக் குறிப்பே குறிப்புரை (comment). ஒரு குறிப்புரைக்குள் இன்னொன்று வருவதை (nested comment) தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை வந்த மூன்று பரிந்துரைகளையும் எழுதிப் பார்த்தேன். 'கூட்டுக் குறிப்புரை' என்றதும் கூட்டுக் குடும்பமும் கூட்டு வட்டியும்தான் நினைவுக்கு வருகின்றன. 'உள்ளமை' நல்ல சொல். ஆனால் மென்பொருள் அமைப்புகளை 'உள்ளமைவு' என்று எழுதிப் பழகிவிட்டோம். 'பின்னல்' எனக்கு உடன்பாடில்லை. பின்னலில் இழைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். இங்கே அப்படி வெட்டவே கூடாது.

இந்த வரியைப் பாருங்கள் (/* தொடக்கக்குறி, */ முடிவுக்குறி):

/* அ /* ஆ */ இ */

சி என்னும் நிரல்மொழி, முதலில் வரும் முடிவுக்குறியைக் கண்டதுமே குறிப்புரை முடிந்தது என்று கொள்ளும். நடுவில் வந்த தொடக்கக்குறி அதற்கு வெறும் எழுத்து. எனவே 'இ'யும் கடைசி முடிவுக்குறியும் நிரலாகி வெளியே வந்து விழும், பிழை வரும். ஜாவாவும் இப்படியே. ரஸ்ட், ஸ்விஃப்ட், கோட்லின் ஆகிய மொழிகள் எண்ணிக்கொண்டு போகும்: தொடக்கக்குறிக்கு ஒன்று கூட்டும், முடிவுக்குறிக்கு ஒன்று கழிக்கும், பூச்சியம் ஆனால்தான் குறிப்புரை முடியும். ஹாஸ்கெலின் குறிகள் வேறு, கணக்கு இதுவே.

எண்ணுவது என்று வந்துவிட்டால் 'அடுக்கு' கைகொடுக்கிறது. வீட்டில் பித்தளை அடுக்கு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: பெரியதற்குள் சிறியது, அதற்குள் இன்னும் சிறியது. கடைசியாக உள்ளே போனது முதலில் வெளியே வரும். 'எத்தனை அடுக்கு?' என்று கேட்கவும் முடியும். ஒன்றன்மேல் ஒன்று என்ற பொருளும் அடுக்குக்கு உண்டு என்பதால் 'உள்' சேர்த்தேன்: உள்ளடுக்குக் குறிப்புரை. ஆழத்துக்கு 'அடுக்கெண்'.

அடுக்கெண் ஏன் தேவை என்பதை நானே பட்டறிந்தேன். கோட்லின் குறிப்புரை ஒன்றில், ஒரு கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளையும் குறிக்கச் சாய்கோடும் நட்சத்திரக்குறியும் அடுத்தடுத்து எழுதியிருந்தேன். அது தொடக்கக்குறி ஆகிவிட்டது. அடுக்கெண் இரண்டானது, நான் இட்ட முடிவுக்குறி அதை ஒன்றாக்கியதோடு சரி. கோப்பின் மீதி முழுவதும் குறிப்புரைக்குள் போய்விட்டது. அன்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிழையை வேறெங்கோ தேடினேன்.

எதிர்மறை வடிவமும் இயல்பாக வர வேண்டும். டி மொழியில் இரண்டு வகையும் உண்டு. /* */ உள்ளடுக்காக் குறிப்புரை. /+ +/ உள்ளடுக்குக் குறிப்புரை. வினையாகவும் ஆளலாம்: 'சி மொழியில் குறிப்புரைகளை உள்ளடுக்க முடியாது, நிரல்பகுதியை மறைக்க வேண்டுமானால் முன்செயலியின் (preprocessor) #if 0 கட்டளையை நாடுவார்கள்.' 'பின்னல்' கொண்டு இதே வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், தடுக்கும்.

எல்லைக்குறிகள் இரண்டையும் சேர்த்து 'அடைப்புக்குறி' என்று ஒரு மடலில் பார்த்தேன். அது பிறை அடைப்புக்கும் சதுர அடைப்புக்கும் உரியது, இங்கே வேண்டாம். தனித்தனியே தொடக்கக்குறி, முடிவுக்குறி என்றே வைத்துக்கொள்வோம்.

மடக்குக்குள் (loop) மடக்கு வரும் இடத்திலும் 'உள்ளடுக்கு மடக்கு' என்று எழுதலாமா? அங்கே இடறினால் சொல்லுங்கள், மாற்றுவோம்.