சீனக் கிண்ணம் போன வழி

குழு: கீழவீட்டுச் சொந்தங்கள்

ரவி: (4 படங்கள்)

ரவி: சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகள கூட்டிட்டு வந்திருக்கேன். இது பெலிதுங் தீவுக்கிட்ட மூழ்கின பழைய கப்பலோட சரக்கு. 1998-ல இந்தோனேசியா பக்கம் கடல் அட்டை எடுக்க முங்கினவங்க கண்ணுல பட்டதாம். கிட்டத்தட்ட 60,000 சாமான், முக்கால்வாசி கிண்ணம்தான்.

கமலா: ரெண்டாவது படத்துல இருக்கிறது நம்ம ஊறுகாய் ஜாடி மாதிரியே இருக்கேடா

ரவி: ஆமா அத்தை. அந்த ஜாடிக்குள்ளதான் கிண்ணங்கள சுருள் சுருளா அடுக்கி அனுப்பியிருக்காங்க. பெரிய ஜாடின்னா நூறுக்கு மேல பிடிக்குமாம். 1,100 வருஷத்துக்கும் மேல கடலுக்கடியில கிடந்தும் உடையாம வந்திருக்கு பாருங்க.

சண்முகம்: ரவி, ஒரு கிண்ணத்துல தேதி பொறிச்சிருக்கும். நம்ம கணக்குக்கு 826-ஆம் வருஷம். அதை விடாம பிள்ளைகளுக்குக் காட்டு. அந்தக் கப்பல்ல இரும்பு ஆணி கிடையாது, பலகைகள ஓட்டை போட்டுக் கயிறால தச்சது. சரக்கு சீனாவோடது, கப்பல் கட்டினது அரபுக்கடல் பக்கத்து முறை.

கார்த்திக்: மாமா, எங்க யூபிஎஸ்சி மெயின்ஸ் சிலபஸ்ல உலக வரலாறு 18-ஆம் நூற்றாண்டுலதான் ஆரம்பிக்குது. தொழிற்புரட்சிதான் முதல் பாடம். அதுக்கு முந்தினது எதையும் நான் தொடல

சண்முகம்: அங்கதான் மாப்ளே எனக்கு வருத்தம். கதையப் பாதியில திறந்தா, நீராவி எந்திரத்த மேம்படுத்தின ஜேம்ஸ் வாட் ஒரு நாள் காலையில எந்திரிச்சு உலகத்தையே மாத்தின மாதிரி தெரியும். இந்தக் கிண்ணத்தோட வழியிலேயே போனா ஆலை வாசலுக்கு வந்து சேரலாம். உக்காந்து டைப் பண்றேன், இரு.

தேவி: சொல்லுங்க பெரியப்பா, நைட் டூட்டி முடிஞ்சு இப்பதான் வீட்டுக்கு வந்தேன். படிச்சிட்டுத் தூங்குறேன்

சண்முகம்: சீனாவுல ஜிங்டெஜென்னு ஒரு ஊர். அங்க வெள்ளைப் பீங்கான் செஞ்சாங்க. 14-ஆம் நூற்றாண்டுல, மங்கோலியர் ஆட்சியில, பாரசீகத்துலேருந்து கோபால்ட்ங்கிற நீலச் சாயப் பொருள் வந்துச்சு. வெள்ளை மேல நீலம் தீட்டினாங்க. செஞ்சதுல நிறைய மேற்காசியாவுக்கே திரும்பப் போச்சு, எல்லாரும் சுத்தி உக்காந்து சாப்பிடுற அளவுக்குப் பெரிய பெரிய தட்டா. இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில மட்டும் 10,000-க்கு மேல சீனப் பீங்கான் இன்னைக்கும் இருக்கு. ஒரு நாட்டுச் சாயம், இன்னொரு நாட்டு மண்ணு, வாங்குறவன் ருசிக்கு அளவு. ஏற்றுமதித் தொழில்னா இதுதானேப்பா?

சண்முகம்: ரவி, அடுத்தது உன் ஊர்ப் பக்கம். 1603 பிப்ரவரியில சிங்கப்பூருக்குக் கிழக்கே, ஜோகூர் ஆத்து முகத்துவாரத்துக்கிட்ட, சாந்தா கத்தரீனாங்கிற போர்த்துகீசியக் கப்பல டச்சுக்காரங்க பிடிச்சாங்க. பட்டு, பீங்கான் எல்லாத்தையும் ஆம்ஸ்டர்டாம்ல ஏலம் விட்டாங்க. 30 லட்சம் கில்டருக்கு (அப்போதைய டச்சு நாணயம்) மேல போச்சு. சீனப் பீங்கான் மேல ஐரோப்பாவுக்கு அப்ப பிடிச்ச ஆசை கொஞ்சநஞ்சமில்ல.

ரவி: சாங்கி பக்கமா! நாங்க ஞாயித்துக்கிழமை சைக்கிள் ஓட்டுற கடற்கரையில நின்னா அந்தத் தண்ணிதான் தெரியும்

சண்முகம்: ஆசை இருக்கு, செய்யத் தெரியல. ஜெர்மனியில இருக்கிற சாக்சனியோட ஆட்சியாளர் அகஸ்டஸ், தங்கம் செய்வேன்னு சொன்ன பட்கர்ங்கிற ரசவாதியைக் காவல்ல வச்சு, கடைசியில பீங்கான் செய்ய விட்டார். 1708-ல செஞ்சு காட்டினாங்க, 1710-ல மைசன்ல ஆலை வந்துச்சு. அப்பவும் மன்னருக்குச் சீனச் சாமான் மோகம் தீரல. 1717-ல தன்னோட குதிரைப்படை வீரர்கள் 600 பேரப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்துட்டு 151 பீங்கான் வாங்கினார்.

கமலா: மனுசங்களையாண்ணே? ஜாடிக்கா?

சண்முகம்: ஆமா கமலா. படிச்ச நாள்லேருந்து எனக்கு நெஞ்சுல உறுத்துற கணக்கு அது. ஒரு ஜாடிக்கு நாலு ஆள்.

கமலா: அண்ணே, நம்ம அப்பா பர்மாவுலேருந்து கொண்டாந்த நீலத் தட்டு ரெண்டு என்கிட்ட இருக்கே, அது சீனாவா?

கமலா: (படம்)

சண்முகம்: பாலம், மூணு ஆளு, மேல ரெண்டு பறவை. திருப்பிப் பின்பக்கம் முத்திரையப் பாரு.

கமலா: கார்த்திக் படிச்சான். மேட் இன் இங்கிலாந்துனு போட்டிருக்காம்!

சண்முகம்: இப்ப ஓரத்துப் பூவேலைய விரல வச்சுச் சுத்தி வா. எங்கயாவது கோடு ஒட்டாம நிக்குதா?

கமலா: அட ஆமா. ஒரு எடத்துல பூ பாதியோட வெட்டுப்பட்டு அடுத்த பூ ஆரம்பிக்குது. இத்தன வருஷமா துடைக்கிறேன், கண்ணுல படல

சண்முகம்: தூரிகையால வரைஞ்சிருந்தா அப்படி வெட்டு விழாது. செப்புத் தகட்டுல படத்தச் செதுக்கி, மெல்லிசு காகிதத்துல அச்சடிச்சு, அதத் தட்டுல ஒட்டித் தேச்சு, காகிதத்தக் கழுவி எடுத்திருவாங்க. காகிதத்தோட ரெண்டு முனை சேர்ற இடம் அது. இங்கிலாந்துல ஸ்டாஃபோர்ட்ஷையர்ல ஜோசையா ஸ்போடுங்கிறவர் 1784 வாக்குல, பாத்திரத்து மேல கண்ணாடி மாதிரிப் பூசுற மெருகுக்கு அடியில நீலத்த இப்படி அச்சடிக்கிறத நல்லாப் படிய வச்சார். சீனாவுல ஒருத்தர் உக்காந்து தீட்டினத இங்க அச்சு செஞ்சுருச்சு.

தேவி: பெரியப்பா, ஸ்டாஃபோர்ட்ஷையர்னா நான் இருக்கிற ஸ்டோக் ஊர்ப் பக்கம்! பாட்டில் மாதிரி வயிறு பெருத்த சூளை இன்னும் அங்கங்க நிக்குது. எங்க ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே ஒண்ணு இருக்கு

சண்முகம்: உனக்குத்தான்மா இந்தக் கதை முக்கியம். அங்க பர்ஸ்லெம்ல 1759-ல தனியாத் தொழில் ஆரம்பிச்சவர் ஜோசையா வெட்ஜ்வுட். சின்ன வயசுல அம்மை போட்டு முழங்கால் கெட்டு, 1768-ல ஒரு காலையே எடுத்துட்டாங்க. மறு வருஷமே எட்ரூரியாங்கிற பெரிய ஆலையத் திறந்தார். ஆளுக்கு ஒரு வேலை. வனையிறவர் தீட்டமாட்டார், தீட்டுறவர் சுடமாட்டார்.

கார்த்திக்: வேலைப் பிரிவினை. இது புக்ல இருக்கு மாமா

சண்முகம்: இருக்கும். ஆனா 1712-லயே தாந்த்ரகோல்ங்கிற பிரெஞ்சுப் பாதிரியார் ஜிங்டெஜென்லேருந்து கடிதம் எழுதியிருக்கார். ஒரு பாத்திரம் 70 பேர் கையில மாறுதுங்கிறார். விளிம்புல வட்டம் போடுறவர் ஒருத்தர், பூவுக்குக் கோடு இழுக்கிறவர் இன்னொருத்தர், நிறம் நிரப்புறவர் வேற. ராத்திரி தூரத்துலேருந்து பாத்தா ஊரே தீப்பிடிச்ச மாதிரி இருக்குமாம். வெட்ஜ்வுட் அந்தக் கடிதத்துலேருந்து பகுதி பகுதியாத் தன் குறிப்பேட்டுல எழுதி வச்சிருந்தார். உன் புக்ல அந்த 70 பேரக் காணோம், அதத்தான் சொல்றேன்.

கார்த்திக்: சரி, அவ்வளவு இருந்தும் நீராவி எந்திரம் ஏன் அங்க வரல?

சண்முகம்: நல்ல கேள்வி. ஜிங்டெஜென் சூளைக்கு விறகு. ஸ்டோக்ல காலுக்கடியிலேயே நிலக்கரி. ஆனா வெள்ளைக் களிமண் இங்கிலாந்தோட தென்மேற்குப் பக்கத்துலேருந்து கப்பல்ல சுத்தி வரணும். அப்புறம் மோசமான ரோட்டுல பொதி குதிரை, போற வழியில பாத்திரம் உடையும். அதனாலதான் வெட்ஜ்வுட் கால்வாய்க்கு அலையா அலைஞ்சார். 1766-ல முதல் மண்ண அவரே வெட்டினார், 1777-ல ட்ரென்ட் மெர்சி கால்வாய் முடிஞ்சுது. களிமண்ணோட கலக்கிற சிக்கிமுக்கிக் கல்லையும் சாயத்தையும் அரைக்க 1780-கள்ல நீராவி எந்திரம் வந்துச்சு. கரி, கால்வாய், மத்தவன் சரக்குக்குப் போட்டியா நிக்கிற வெறி, மூணும் ஒரே இடத்துல கூடினது அங்கதான். 1791-ல ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கான மொத்தமா வாங்குறதையே நிறுத்திருச்சு.

தேவி: அந்தக் கல்லு அரைச்ச தூசிதான் பெரியப்பா. சிலிக்கோசிஸ், கல் தூசி நுரையீரல்ல படிஞ்சு வர்ற நோய். அந்தக் காலத்துல இங்க பாதி வீட்டுல அந்த இருமல் இருந்திருக்கு. எங்க வார்டுல வயசானவங்க அவங்க அப்பா, தாத்தா மூச்சுக்குத் திணறிச் செத்ததப் பேசுவாங்க. மெருகுல ஈயம் வேற. தட்டு எவ்வளவு அழகா இருந்தாலும் எனக்கு அந்த நுரையீரல்தான் ஞாபகம் வருது

சண்முகம்: சத்தியமான வார்த்தைம்மா. குழந்தைகளும் உண்டு. வனைஞ்ச தட்ட அச்சோட தூக்கிக்கிட்டுச் சூடான உலர்த்தும் அறைக்குள்ள ஓடி ஓடி வைக்கணும், நாள் பூரா. 1840-கள்ல அரசாங்க விசாரணையில அந்தப் பிள்ளைகளே வந்து சொல்லியிருக்காங்க. மாப்ளே, பரீட்சையில இதையும் எழுது.

கார்த்திக்: எழுதுறேன் மாமா. அந்த ஜிங்டெஜென் அப்புறம் என்னாச்சு?

சண்முகம்: 1855-ல, சீன அரசை எதிர்த்து நடந்த தைப்பிங் கலகத்துல அரண்மனைச் சூளைகள் அழிஞ்சுது. 1860-கள்ல திரும்பக் கட்டினாங்க. இன்னைக்கும் அங்க பீங்கான்தான் பிழைப்பு.

ரவி: பெரியவன் இப்பதான் அந்த 826 கிண்ணத்தக் கண்டுபிடிச்சான். படம் அனுப்புறேன் பெரியப்பா

கமலா: அந்தத் தட்டு ரெண்டையும் எடுத்துப் பீரோவுல வச்சிட்டேன். தேவி, நீ போய்த் தூங்கு கண்ணு