கிரேடியஸ் 3: கோனாமி கோட் போட்டதும் கப்பல் வெடித்துவிடுகிறது, உதவுங்கள்

கேள்வி (இரவுப்பறவை)

வணக்கம். டொரன்டோவில் ஒரு பழைய பொருள் சந்தையில் சூப்பர் நின்டெண்டோ என்ற பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றும், கூடவே விண்கப்பலை ஓட்டிச் சுடும் கிரேடியஸ் 3 ஆட்டத்தின் கேசட்டும் வாங்கினேன். சின்ன வயதில் அண்ணனோடு உட்கார்ந்து முதல் கிரேடியஸ் ஆடியவன் நான். இந்த வரிசையில் பட்டன்களை அழுத்தினால் ஆயுதம் எல்லாம் கிடைக்கும், அதுதான் கோனாமி கோட்: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. இன்றைக்கும் யோசிக்காமலே விரல் அதைப் போட்டுவிடும்.

இதில் ஸ்டார்ட் அழுத்தி ஆட்டத்தை நிறுத்தி அதே கோடைப் போட்டேன். மறுபடி ஸ்டார்ட் அழுத்தியதும் கப்பல் வெடித்துவிட்டது, எதிரே ஒரு குண்டுகூட வராமலே! நான்கு முறை பார்த்துவிட்டேன், நான்கு முறையும் அதேதான். இன்னொன்று, இரண்டாவது கட்டத்தில் குமிழிகள் வரத் தொடங்கியதும் படம் ஊர்கிறது. பாட்டு மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. பெட்டி பழுதா?

பதில் (கேசட்காரன்)

கண்ட்ரோலரைத் திறந்து, பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பரைத் துடைத்துப் பாருங்கள். பழசானால் ஒரு அழுத்தம் இரண்டாகப் பதியும்.

இரவுப்பறவை

துடைத்தேன். கேசட்டின் முனையையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாயிற்று. இன்னும் வெடிக்கிறது.

பதில் (கடற்காகம்)

தம்பி, கண்ட்ரோலரில் ஒன்றும் இல்லை. ஆட்டத்தை உருவாக்கிய கோனாமி நிறுவனமே வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறது. சூப்பர் நின்டெண்டோ கிரேடியஸ் 3இல் பழைய கோடை அப்படியே போட்டால் கப்பல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இடம், வலம் வரும் இடங்களில் திசை பட்டனை விட்டுவிட்டு, கண்ட்ரோலரின் மேல் விளிம்பில் இருக்கும் எல், ஆர் பட்டன்களை அழுத்துங்கள். அதாவது மேல் மேல், கீழ் கீழ், எல் ஆர் எல் ஆர், பி, ஏ.

இந்தக் கோடே ஒரு சோதனைக்காகப் பிறந்ததுதான். 1985இல் ஆர்கேடில் (காசு போட்டு ஆடும் இயந்திரத்தில்) வந்த கிரேடியஸை, நின்டெண்டோவின் முந்தைய வீட்டுப் பெட்டியான ஃபாமிகாமுக்குக் கொண்டுவரும்போது, அந்த வேலையில் இருந்த கஸுஹிசா ஹஷிமோட்டோவுக்கே ஆட்டம் கடினமாக இருந்தது. ஆரம்பத்திலேயே ஆயுதம் எல்லாம் கிடைக்கட்டும் என்று இதை எழுதி வைத்தார். அது நீக்கப்படாமல் 1986இல் கேசட்டோடு வெளியே வந்துவிட்டது. அவர் 2020இல் காலமானார். எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர்.

சரி, ஊர்வதைப் பற்றி. பாட்டு சரியாக ஓடுகிறது என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. சூப்பர் நின்டெண்டோவில் ஒலிக்குத் தனிச் செயலி (சிப்) உண்டு. திரையில் பொருள்கள் குவியும்போது முதன்மைச் செயலிதான் திணறுகிறது. 1990இல் ஜப்பானில் வெளியான நாளிலிருந்தே இந்தக் கேசட் இப்படித்தான் ஓடுகிறது. உங்கள் பெட்டி நன்றாக இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

பதில் (கேசட்காரன்)

நன்றி அண்ணா, எல், ஆர் விஷயம் எனக்கும் புதுசு. ஊர்வது பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2019இல் பிரேசிலைச் சேர்ந்த விட்டோர் விலேலா, எஸ்ஏ-1 என்ற துணைச் செயலியைப் பயன்படுத்தும்படி இந்த ஆட்டத்தை மாற்றி ஒரு பேட்ச் (ஆட்டத்தின் நிரலைத் திருத்தும் கோப்பு) வெளியிட்டார். அதைப் போட்டால் எங்கும் தேங்காது.

பதில் (கடற்காகம்)

ஆனால் அது பழகினவர்களுக்குத்தான். குமிழிக் கட்டத்தில் படம் மெதுவாவதால்தான் நம்மால் இடுக்கில் நுழைந்து தப்ப முடிகிறது. முதலில் கேசட்டிலேயே ஆடுங்கள் தம்பி.

இரவுப்பறவை

எல், ஆர் போட்டேன், வேலை செய்தது! கப்பலுக்குப் பின்னால் ஆப்ஷன்கள் (கூடவே வந்து சுடும் சின்ன உருண்டைகள்) வரிசையாக வந்து நின்றதும் அண்ணனுக்கு உடனே போன் செய்தேன். ஆனால் குமிழிக் கட்டத்தில் செத்தால் எல்லாம் போய், வெறும் கப்பலோடு நிற்கிறேன். அங்கே என்ன செய்வது?

பதில் (கடற்காகம்)

எதிரிகளை வீழ்த்தினால் கிடைக்கும் முதல் கேப்ஸ்யூலை எதற்கும் சேர்த்து வைக்காதீர்கள், அதை வைத்து உடனே கப்பலின் வேகத்தைக் கூட்டும் ஸ்பீட் அப் எடுங்கள். அந்த ஆமை வேகத்தில் எதிலிருந்தும் விலக முடியாது. அப்புறம், பெரிய குமிழியைச் சுட்டால் சின்னதாக உடைந்து எல்லாப் பக்கமும் சிதறும். எதிரே வருவதையெல்லாம் சுடாமல், உங்கள் வழியை மறிப்பதை மட்டும் சுட்டுக்கொண்டு போங்கள்.