தென்னந்தோப்பில் ஃபிக்ஸ் வரமாட்டேங்குது: ஜிபிஎஸ் மட்டும் போதுமா, எல்லாத்தையும் சேர்க்கணுமா?

கடையநல்லூர்_சர்வே:
வணக்கம் அண்ணாச்சி. தென்காசிப் பக்கம் தனியார் சர்வே வேலை பார்க்கிறேன். சென்டிமீட்டர் துல்லியத்துல இடம் அளக்கிற ஆர்டிகே செட். ஓரிடத்துல நிக்கிற பேஸ் ஒரு கிலோமீட்டருக்குள்ளதான், ரோவரைக் கையில தூக்கிட்டுப் போறேன். வயக்காட்டுல உடனே ஃபிக்ஸ் (சென்டிமீட்டர் விடை) ஆயிருது. தோப்புக்குள்ள போனா ஃப்ளோட்டிலேயே (முடிவாகாத விடையிலேயே) நிக்குது. திரையில முப்பதுக்கு மேல சாட்டிலைட் காட்டுது. கூட வேலை பாக்குறவர், "ஜிபிஎஸ் மட்டும் வை, மத்ததெல்லாம் குழப்பும்"ங்கிறார். ரஷ்யாவோட குளோனாஸ், ஐரோப்பாவோட கலிலியோ, சீனாவோட பெய்டூ சேர்த்தா துல்லியம் கூடுமா, குறையுமா?

பொதிகை_அளவர்:
நாலையும் வையுங்க தம்பி. ஆனா முதல்ல பேஸைப் பாருங்க. பேஸும் ரோவரும் ஒரே சாட்டிலைட்டைப் பார்த்தாத்தான் அது கணக்குல சேரும். பேஸ் ரோவருக்கு அனுப்புற செய்திக்கு எண் உண்டு. பழைய 1004, 1012 செய்தி மட்டும் அனுப்பினா ஜிபிஎஸ்ஸும் குளோனாஸும்தான் போகும். ரோவர் பெய்டூவை எத்தனை பிடிச்சாலும் வீண். சிஸ்டத்துக்கு ஒண்ணா 1074, 1084, 1094, 1124 நாலும் போகுதான்னு பாருங்க. திரையிலயும் "தெரிவது" எத்தனைன்னு பார்க்காதீங்க, "பயன்படுவது" எத்தனைன்னு பாருங்க.

குழப்பும்னு அவர் சொல்றதுக்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனி நேரம். ஜிபிஎஸ் நேரத்துக்கு பெய்டூ 14 நொடி பின்னால ஓடுது, குளோனாஸ் உலகப் பொது நேரமான யூடிசியை ஒட்டிப் போகுது. முழு நொடியை ரிசீவரே சரிபண்ணிரும். மிச்சம் நிக்கிற நானோநொடிதான் தொல்லை, ஒரு நானோநொடின்னா 30 சென்டிமீட்டர். அதனால புதுசா சேர்க்கிற ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் கண்டுபிடிக்க வேண்டிய எண் ஒண்ணு கூடும். பெய்டூவில ஒண்ணே ஒண்ணு கிடைச்சா அது அந்தக் கணக்குக்கே சரியாப் போயிரும். ஏழெட்டு கிடைச்சா நல்ல லாபம்.

தோப்புல எனக்குப் பெரிய லாபமாத் தெரியுறது வேற. தாழ நிக்கிற சாட்டிலைட்டோட சிக்னல் மரத்துக்கு மரம் பட்டு, மட்டை வழியா நைஞ்சு வருது. அதைக் கழிச்சுக்கட்டணும். ஜிபிஎஸ் மட்டும் வச்சிருந்தா கழிக்க மனசு வராது, அஞ்சாறுதான் மிஞ்சும். நாலும் இருந்தா எலிவேஷன் மாஸ்க்கை (இந்தக் கோணத்துக்குக் கீழ நிக்கிற சாட்டிலைட்டை ஒதுக்குற செட்டிங்) 10-லேர்ந்து 20 பாகைக்குத் தைரியமா ஏத்தலாம்.

வைகைக்கரை:
ஒரு சேர்க்கை. குளோனாஸ்ல சாட்டிலைட்டுக்கு சாட்டிலைட் அலைவரிசை மாறும். பேஸ் ஒரு கம்பெனி, ரோவர் வேற கம்பெனின்னா அதுல சின்னச் சின்னப் பிழை வரும். அப்போ குளோனாஸை மட்டும் அணைச்சுப் பாருங்க. நம்ம நாட்டு நாவிக்கையும் சேர்க்கலாமேன்னா, அது முதல்ல எல்5, எஸ் அலைவரிசைப் பட்டைகள்லதான் வந்துச்சு. 2023-ல ஏவின என்விஎஸ்-01 சாட்டிலைட் முதல்தான் எல்1-லயும் வருது, பழைய ரிசீவர்ல எதிர்பார்க்க வேண்டாம்.

கடையநல்லூர்_சர்வே:
அண்ணாச்சி சொன்னதேதான்! டீலர் வச்சுக் கொடுத்த செட்டிங்ல 1004, 1012 மட்டும்தான் இருந்துச்சு. மாத்தி, மாஸ்க்கையும் ஏத்தினேன். தோப்பு நடுவிலயே ஃபிக்ஸ் வருது. ஆனா பொழுது சாஞ்சப்புறம் சில நாள் மறுபடி அறுந்து போகுது?

பொதிகை_அளவர்:
அது அயனோஸ்பியர், அதாவது உயர வானத்துல மின்னேற்றம் உள்ள அடுக்கோட வேலை. புவிகாந்த நடுக்கோடு நம்ம ஜில்லாப் பக்கமாத்தான் போகுது. 1963-ல முதல் ராக்கெட் ஏவின, திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்ததும் இதுக்காகத்தான். சூரியன் மறைஞ்சப்புறம் மேல குமிழி கிளம்பி சிக்னலை நடுங்க வைக்கும், மார்ச், செப்டம்பரை ஒட்டி அதிகம். அதுக்கு எத்தனை சிஸ்டம் சேர்த்தாலும் முழு மருந்து இல்லை. எல்லைக்கல்லை வெளிச்சம் இருக்கும்போதே எடுத்திருங்க. எடுத்ததும் ஃபிக்ஸை உடைச்சு, அரை மணி கழிச்சு அதே கல்லுல திரும்ப எடுங்க. ரெண்டும் ரெண்டு மூணு சென்டிமீட்டருக்குள்ள ஒத்துப்போனாத்தான் கட்சிக்காரர் கையில கொடுக்கணும்.